சென்னை–சிங்கப்பூர்: 2,920 கிலோமீட்டருக்கு ஏன் நாலேகால் மணி நேரம்?

வீட்டில் ஒருவர் சிங்கப்பூர் கிளம்பினால் போதும், எவ்வளவு நேரம் ஆகும் என்ற கேள்விக்கு நாலு பேர் நாலு பதில் சொல்வார்கள். டிக்கெட் போட்டவர் நாலேகால் மணி என்பார். போன வருஷம் போய் வந்தவர், இல்லையில்லை, மூன்றே முக்கால்தான், கேப்டனே மைக்கில் சொன்னார் என்பார். டிக்கெட்டை வாங்கிப் பார்க்கும் பெரியப்பா, ராத்திரி 11.15-க்கு ஏறி விடிகாலை 6 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறதே, கிட்டத்தட்ட ஏழு மணி நேரமாச்சே என்பார். போனில் தேடிய பையன் 4 மணி 9 நிமிடம் என்று நிமிட சுத்தமாக ஒரு கணக்கு வைத்திருப்பான்.

இதில் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. ஆளுக்கொரு நேரத்தை அளந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தூரத்திலும் இதே குழப்பம் உண்டு. இந்த ஒரு பாதையை வைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம், தேவைப்படும் இடத்தில் மட்டும் வேறு ஊர்களுக்குப் போய் வரலாம்.

முதலில் தூரம்: எங்கிருந்து எங்கே?

விமானத் தூரம் என்பது ஊரிலிருந்து ஊருக்கு அல்ல, விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு. அதாவது மீனம்பாக்கத்திலிருந்து சாங்கிக்கு. பூமியை ஒரு உருண்டையாக வைத்துக் கணக்குப் போட்டால் இது சுமார் 2,920 கிலோமீட்டர் வரும். சாலைத் தூரத்தோடு இதை ஒப்பிடவே கூடாது. சென்னையிலிருந்து கோவைக்கு சாலையில் 500 கிலோமீட்டர் என்றால் வானத்தில் 400 சொச்சம்தான், ஏனென்றால் சேலத்தைத் தொட்டுப் போக வேண்டிய கட்டாயம் விமானத்துக்கு இல்லை.

சரி, வானத்தில் நேர்கோடு என்றால் என்ன? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். சுவரில் மாட்டிய உலகப் படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அதுதான் குறுக்கு வழி என்று நினைக்கிறோம். பூமி உருண்டை, படம் தட்டை. உருண்டையைத் தட்டையாக்கும்போது எங்கேயாவது இழுத்துத்தான் ஆக வேண்டும், வழக்கமாக நாம் பார்க்கும் படங்களில் வடக்கேயும் தெற்கேயும் போகப் போக எல்லாம் இழுபட்டுப் பெரிதாகத் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் இருக்கும் உலக உருண்டை ஒன்று கிடைத்தால், டெல்லியில் ஒரு நூலை வைத்து அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் சான் பிரான்சிஸ்கோ வரை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் மேற்கே ஐரோப்பா பக்கமும் போகாது, கிழக்கே ஜப்பான் பக்கமும் போகாது. சைபீரியா வழியாக வடக்கே ஏறி, ஆர்க்டிக் கடலைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும். அதுதான் உண்மையான குறுக்கு வழி, சுமார் 12,380 கிலோமீட்டர். இப்படி உருண்டையின் மேல் விழும் மிகக் குறுகிய கோட்டை அப்படியே நீட்டினால் அது பூமியைச் சரிபாதியாகப் பிரிக்கும் ஒரு வட்டமாகும். அந்த வட்டத்துக்குப் பெருவட்டம் என்று பெயர். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே இவ்வளவு தூரம் என்று எந்த இணையதளத்தில் பார்த்தாலும் அது அநேகமாக இந்தப் பெருவட்டத் தூரம்தான்.

சென்னை–சிங்கப்பூருக்கு இந்த வம்பு அதிகம் இல்லை. இரண்டும் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் படத்தில் போடும் கோடும் நூல் போகும் வழியும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும்.

ஆனால் விமானம் அந்தக் கோட்டில்தான் போகிறதா?

கிட்டத்தட்ட. வங்கக் கடலைக் குறுக்கே கடந்து, நிக்கோபார் தீவுகளுக்கும் சுமத்ராவின் வட முனைக்கும் நடுவே நுழைந்து, மலாக்கா நீரிணையை ஒட்டியபடி கீழே இறங்குவது வழக்கமான பாதை. பெருவட்டக் கோடும் ஏறத்தாழ அந்தப் பக்கமாகத்தான் போகிறது. இருந்தாலும் வானத்தில் வரையறுத்து வைத்த பாதைகள் உண்டு, அவற்றில் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு என்றுதான் போக முடியும். போதாததற்கு அந்தக் கடல் முழுக்க இடிமேகம். சுமத்ரா பக்கம் இரவில் எழும் மேகங்களைச் சுற்றிக்கொண்டு போவதில் சில பத்து கிலோமீட்டர்கள் கூடும். சாங்கியில் நெரிசல் என்றால் காத்திருக்கச் சொல்லி ஒன்றிரண்டு சுற்று சுற்ற வைப்பார்கள்.

பெரிய வளைசல் எல்லாம் அரசியலால்தான் வருகிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ரஷ்யாவின் மேல் பறந்தால் ஒன்பது மணி நேரச் சொச்சம். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கி ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு அதே பயணத்துக்குப் பதின்மூன்று மணி அளவுக்கு ஆகிறது. விமான நிலையங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, பெருவட்டத் தூரத்தில் ஒரு மீட்டர்கூட மாறவில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போகிறவர்களுக்கும் இதே கதைதான், அரபிக்கடல் பக்கம் இறங்கிச் சுற்ற வேண்டியதாயிற்று.

ஆக இதுவரை பார்த்ததில் இரண்டு தூரங்கள். ஒன்று நூல் பிடித்த பெருவட்டத் தூரம், அது மாறாது. இன்னொன்று விமானம் அன்றைக்கு உண்மையில் பறந்த தூரம், அது தினமும் கொஞ்சம் மாறும். இணையத்தில் கிடைப்பது முதலாவது.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் இல்லை

இப்போது நேரத்துக்கு வருவோம். இந்தப் பாதையில் பறக்கும் ஏர்பஸ் ஏ320 வகை விமானம் உயரத்தில் நிலையாகப் பறக்கும்போது மணிக்கு 830 கிலோமீட்டர் அளவில் போகும். 2,920-ஐ 830-ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம். டிக்கெட்டில் நாலேகால். மிச்சம் முக்கால் மணி நேரம் எங்கே போனது?

டிக்கெட்டில் இருக்கும் புறப்படும் நேரம் என்பது சக்கரம் தரையை விட்டு எழும் நேரம் இல்லை. விமானம் தான் நிற்கும் இடத்தைவிட்டுப் பின்னால் நகரத் தொடங்கும் நேரம். சேரும் நேரமும் அப்படியே: தரையைத் தொடும் நேரம் இல்லை, போய் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் நேரம். இந்த இரண்டுக்கும் இடைப்பட்டதை விமானத் துறையில் பிளாக் டைம் என்கிறார்கள். முன்காலத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டைகளை எடுத்ததிலிருந்து திரும்ப வைக்கும் வரை என்று கணக்கு.

அந்த முக்கால் மணியைப் பிரித்துப் பார்த்தால், ஓடுதளம் வரை உருண்டு போய் வரிசையில் நிற்பதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போகிறது, அந்தப் பக்கம் இறங்கியபின் உருள்வதற்கும் கொஞ்சம். அப்புறம் ஏறும்போதும் இறங்கும்போதும் விமானம் 830-ல் போவதில்லை. பொதுவாக 10,000 அடிக்குக் கீழே 250 நாட் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். ஆக 250 நாட் என்பது மணிக்கு 463 கிலோமீட்டர், முழு வேகத்தில் பாதிக்குச் சற்று மேல். இறங்குவதற்கான வேலையே ஊருக்கு இருநூறு கிலோமீட்டர் முன்னாலேயே தொடங்கிவிடும்.

கடைசியாக ஒன்று, இதை விமான நிறுவனங்கள் வெளியே அவ்வளவாகச் சொல்லிக்கொள்வதில்லை. கால அட்டவணையில் கொஞ்சம் தாராளமாகவே நேரம் போடுவார்கள். குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் சரியான நேரத்துக்கு வந்ததாகக் கணக்கு, அந்தக் கணக்கு நன்றாக இருக்க வேண்டும் அல்லவா? அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் எப்படியோ நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நாம் ஆச்சரியப்படுவதில் பாதி இந்தத் தாராளத்தால்தான், பைலட் மிதித்து ஓட்டியதால் அல்ல.

கேப்டன் சொன்ன மூன்றே முக்கால் என்பது சக்கரம் தரையைவிட்டு எழுந்ததிலிருந்து மறுபடி தரையைத் தொடும் வரை. டிக்கெட்டின் நாலேகால் பிளாக் டைம். இரண்டும் சரி. பெரியப்பா சொன்ன ஏழு மணி நேரத்தைப் பிறகு பார்ப்போம்.

காற்று

தூரமும் வேகமும் தெரிந்துவிட்டால் நேரம் தெரிந்துவிடும் என்ற கணக்கைக் கெடுப்பது காற்று. விஷயத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது.

சாங்கி மாதிரி பெரிய விமான நிலையங்களில் நகரும் நடைபாதை இருக்கும். அதன் மேல் அது போகும் திசையிலேயே நீங்கள் நடந்தால், உங்கள் கால் வழக்கமான நடையில்தான் போகிறது, ஆனால் பக்கத்தில் தரையில் நடப்பவரைக் கடந்து போய்விடுவீர்கள். அதே நடைபாதையில் எதிர்த்திசையில் நடந்தால் அதே உழைப்புக்குப் பாதி தூரம்கூட நகர மாட்டீர்கள். விமானத்துக்குக் காற்றுதான் நடைபாதை. சுற்றியிருக்கும் காற்றைக் கிழித்துக்கொண்டு விமானம் போகும் வேகத்தைக் காற்றுசார் வேகம் என்றும், கீழே தரையை வைத்துப் பார்க்கும்போது அது நகரும் வேகத்தைத் தரைவேகம் என்றும் சொல்லலாம். இறக்கைக்குத் தெரிவது முதலாவது மட்டும். நம்மைச் சிங்கப்பூரில் சேர்ப்பது இரண்டாவது.

இது தெரியாததால் ஒரு பெரிய கூத்தே நடந்தது. 2020 பிப்ரவரியில் கியாரா புயல் அட்லாண்டிக்கைத் தாண்டி பிரிட்டனை நோக்கி வீசிக்கொண்டிருந்தபோது, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் போய்ச் சேர்ந்தது. சுமார் 5,550 கிலோமீட்டர், வழக்கமாக ஆறு மணிக்கு மேல் பிடிக்கும் தூரம். நடுவில் அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. தரைமட்டத்தில் ஒலியின் வேகம் சுமார் 1,230 என்பதால், பயணிகள் விமானம் ஒலியை முந்திவிட்டது என்று பலர் பேசினார்கள். முந்தவில்லை. 1,300 என்பது தரைவேகம். காற்றைப் பொறுத்தவரை அது எப்போதும் போகும் வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது, காற்று அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

அந்தக் காற்றுக்கு ஜெட் காற்றோட்டம் என்று பெயர்: ஒன்பதிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், ஆறு மாதிரி ஒரு ஒடுங்கிய பட்டையாக, பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் வேகமான காற்று. விமானங்கள் பறக்கும் உயரமும் அதுவே. குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைச் சுலபமாகத் தாண்டும். 1920-களிலேயே ஜப்பானைச் சேர்ந்த வாசபுரோ ஓய்ஷி பலூன் விட்டு இதைக் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று அறிக்கையை, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கிய எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார், விளைவு, ஏறக்குறைய யாருமே படிக்கவில்லை.

இதை நன்றாகப் பயன்படுத்திய கதை நம் நாட்டிலேயே இருக்கிறது. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா முதலில் மேற்கே, அட்லாண்டிக் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. 2016 அக்டோபரில் திசையையே மாற்றி, கிழக்கே ஜப்பானைத் தாண்டிப் பசிபிக் வழியாகப் போனது. புதிய பாதை 15,300 கிலோமீட்டர், பழையதைவிட ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஆனாலும் பதினாலரை மணி நேரத்தில் போய்விட்டது, பழைய பாதையைவிடச் சுமார் இரண்டு மணி நேரம் மிச்சம். திரும்பி வரும்போதும் கிழக்கேயே, அட்லாண்டிக்கைக் கடந்து. போய்விட்டு வந்தால் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம், டிக்கெட் மட்டும் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ.

போகும்போது நஷ்டமானதை வரும்போது ஈடுகட்டிவிடலாமே என்று தோன்றும். முழுசாக முடியாது. 900 வேகத்தில் போகும் விமானத்துக்கு 5,500 கிலோமீட்டர் பாதையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து தள்ளினால் ஐந்தரை மணி, எதிரே வந்தால் 6 மணி 52 நிமிடம், கூட்டினால் 12 மணி 22 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் போக வர 12 மணி 13 நிமிடம்தான். எதிர்க்காற்றில் நாம் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருப்பதால் அதன் கெடுதல்தான் ஜெயிக்கும்.

பூமி சுற்றுவதால் இல்லையா?

இல்லை. ஆனால் இந்தக் கேள்வி சாகாவரம் பெற்றது. பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுகிறது, அப்படியென்றால் மேற்கே போகிறவர்களுக்கு ஊர் தானாக எதிரே வர வேண்டுமே, ஹெலிகாப்டரில் ஏறி மேலே சும்மா நின்றாலே கீழே துபாய் வந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு.

சென்னை இருக்கும் அட்சரேகையில் தரை மணிக்குச் சுமார் 1,630 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. மீனம்பாக்கத்தில் நிற்கும் விமானமும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது, அதைச் சுற்றியிருக்கும் காற்றும்தான். காற்று மட்டும் சுற்றாமல் நின்றிருந்தால் மெரினாவில் எந்நேரமும் 1,630 கிலோமீட்டர் வேகப் புயல் அடித்துக்கொண்டிருக்கும், சுண்டல் விற்க முடியாது. விமானம் எழும்பும்போது அந்த வேகத்தையும் கூடவே எடுத்துக்கொண்டுதான் எழும்புகிறது. அதனால் பூமியின் சுழற்சியால் நேரடி லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. சுற்றிவளைத்து ஒரு தொடர்பு இருக்கிறது: வெப்பமான பகுதியிலிருந்து துருவத்தை நோக்கிப் போகும் காற்றைக் கிழக்கே திருப்பி ஜெட் காற்றோட்டம் ஆக்குவது இந்தச் சுழற்சிதான்.

நம் ஊர் வானத்தில் தலைகீழ்

கிழக்கே போனால் சீக்கிரம், மேற்கே போனால் தாமதம் என்று இப்போது மனப்பாடம் செய்துவிடாதீர்கள். அது வடக்கே இருப்பவர்களின் பாடம். ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவின் தலைக்கு மேலே கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் பாய்கிறது. கோடையில் திபெத்தும் அதைச் சுற்றிய பகுதிகளும் சூடேறி, வழக்கத்துக்கு மாறாக வடக்கே வெப்பமும் தெற்கே குளிர்ச்சியும் ஆகிவிடுவதால் மேலே காற்றும் திரும்பிவிடுகிறது. வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் என்று பெயர். 1950-களில் இதை விளக்கியவர் நம் இந்திய வானிலைத் துறையின் கோட்டேஸ்வரம், பின்னாளில் அந்தத் துறைக்கே தலைமை இயக்குநராக இருந்தவர். இதன் மையம் விமானங்கள் பறப்பதைவிட இன்னும் உயரத்தில், பதினாலு பதினைந்து கிலோமீட்டரில் இருந்தாலும், கீழேயும் அதன் வீச்சு தெரியும்.

ஆக ஜூலையில் சென்னையிலிருந்து கிழக்கே சிங்கப்பூர் போகும் விமானத்துக்கு எதிர்க்காற்று. மணிக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால்கூடப் போகும்போது கால் மணி நேரம் கூடும், வரும்போது ஏறக்குறைய அதே அளவு குறையும். நியூயார்க்–லண்டனோடு ஒப்பிட்டால் சின்ன வித்தியாசம்தான்.

சுருக்கிச் சொன்னால், நேரத்தைத் தீர்மானிப்பது தரைவேகம், தரைவேகத்தை மாற்றுவது காற்று, அந்தக் காற்று எந்தப் பக்கம் என்பது இடத்தையும் மாதத்தையும் பொறுத்தது.

பெரியப்பாவின் ஏழு மணி நேரம்

டிக்கெட்டில் போட்டிருக்கும் இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி. சென்னை நேரம் 11.15-க்குக் கிளம்பும்போது சிங்கப்பூரில் மணி 1.45. அங்கிருந்து நாலேகால் மணி கூட்டினால் காலை 6.00. பார்வைக்கு 6 மணி 45 நிமிடம், உண்மையில் நாலேகால். திரும்பும்போது இது எதிர்ப்பக்கம் வேலை செய்யும், இரவு 8.00-க்குச் சாங்கியில் கிளம்பி 9.45-க்குச் சென்னையில் இறங்குவதுபோல் இருக்கும், ஒன்றே முக்கால் மணியில் வந்துவிட்டோமே என்று தோன்றும்.

வரைபடத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த இரண்டரை மணி நேர வித்தியாசம்கூட வந்திருக்க வேண்டியதில்லை. சிங்கப்பூர் இருக்கும் தீர்க்கரேகைக்கு நியாயப்படி நம்மைவிட ஒன்றரை மணிதான் முன்னால் இருக்க வேண்டும். 1981 கடைசி வரை இரண்டு மணி முன்னால் இருந்தார்கள், மலேசியா தன் கடிகாரத்தை மாற்றியபோது 1982 ஜனவரி முதல் தேதி இவர்களும் அரை மணி தள்ளி வைத்துக்கொண்டார்கள்.

நாமே கணக்குப் போட

போனில் தேடிய பையனின் 4 மணி 9 நிமிடம் எப்படி வந்தது? பெருவட்டத் தூரத்தை 800-ஆல் வகுத்து, ஏறி இறங்குவதற்கு அரை மணி சேர்த்தால் அதுதான் வரும். காற்றும் மேகமும் மூடிய வான்வெளியும் அதில் கிடையாது, அதனால் நிமிடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நாலு மணிச் சொச்சம் என்று எடுத்துக்கொண்டால் போதும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகும் எந்தப் பயணத்துக்கும் இந்தக் கணக்கு ஓரளவு கைகொடுக்கும்.

பக்கத்து ஊர்களுக்குத்தான் உதைக்கும். சென்னை–பெங்களூரு வானத்தில் 270 கிலோமீட்டர்கூட இல்லை, டிக்கெட்டில் ஒரு மணி நேரம். ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும் விமானம் 800-ஐ எங்கே தொடுவது? இன்னொரு விசித்திரம் இலங்கைப் பக்கம். கொழும்பு சுமார் 645 கிலோமீட்டர், யாழ்ப்பாணத்தின் பலாலி சுமார் 355. பாதி தூரம்தான், ஆனால் இரண்டுக்கும் நேரம் பெரிதாக வித்தியாசப்படாது, ஏனென்றால் 2019-ல் பலாலிக்குச் சேவை தொடங்கியபோது வந்து இறங்கியது காற்றாடி வைத்த ஏடிஆர் விமானம். அது மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில்தான் போகும். அதனால் யாழ்ப்பாணத்துக்குக் கணக்குப் போடும்போது 800-க்குப் பதில் 500 என்று வையுங்கள்: 43 நிமிடம், கூட ஒரு அரை மணி.